ஜனநாயகமும் செய்தியும்: ஒரு சிக்னல்காரனின் பாடம்



நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பொது அறிவுப் பாடம் எடுக்கும் பொறுப்பை, நான் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் "ஜனநாயகத்தில் செய்தித்துறையின் பங்கு" என்று கரும்பலகையில் எழுதி, சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் ஆகிய மூன்று தூண்களுக்கு அடுத்த நான்காவது தூண் பத்திரிகை என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"தாத்தா, காவிரித் தண்ணி பத்தி எங்க வீட்டு டிவியில ஒரு மாதிரி சொல்றாங்க. எதிர் வீட்டு டிவியில கன்னடத்துல வேற மாதிரி சொல்றாங்க. கோர்ட்டும் ஒண்ணுதான், ஆறும் ஒண்ணுதான். அப்ப யாரு பொய் சொல்றாங்க?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எனக்கு, இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததால் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின என்பது தெரியும். அன்று வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஒழுங்காக எழுத முயல்கிறேன். நான் பத்திரிகையாளன் அல்லேன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல முடியும்.

சுதந்திரம் ஏன் வேண்டும்?

முதலில் அடிப்படை. வாக்குச்சீட்டு நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு, எதற்காக வாக்களிக்கிறோம் என்ற விவரமும் நம் கையில் இருக்க வேண்டும். அந்த விவரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது செய்தித்துறை. நமது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. அதில் "பத்திரிகை" என்ற சொல்லே கிடையாது. பத்திரிகைச் சுதந்திரமும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1950-லேயே நிலைநாட்டியது. அந்த வழக்கு சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ரொமேஷ் தாப்பர் நடத்திய "கிராஸ் ரோட்ஸ்" என்ற பத்திரிகை மாகாணத்திற்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1994-ல் "நக்கீரன்" ஆசிரியர் தொடுத்த வழக்கில், ஒரு கட்டுரை அவதூறாக இருக்கும் என்று பயந்து அதிகாரிகள் அதை முன்கூட்டியே தடுத்து நிறுத்த முடியாது என்றும் தீர்ப்பு வந்தது.

சுதந்திரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. 1975 ஜூன் 26 அன்று காலை, நாடாளுமன்றக் குழுப் பணிக்காகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயும் அத்வானியும் இங்கேயே கைது செய்யப்பட்டார்கள். நெருக்கடி நிலையும் தணிக்கையும் வந்துவிட்டன. பத்திரிகைகளில் அதிகாரிகள் அனுமதித்ததுதான் அச்சேறியது. மற்றதெல்லாம் டீக்கடையில் காதோடு காதாகப் பேசப்பட்டது. எது மெய், எது பொய் என்று சோதிக்க வழியில்லை. செய்தியை அடைத்தால் வதந்தி பெருகும் என்பது அன்று நாடு கற்ற பாடம்.

ஆகவே, "இந்தத் தொலைக்காட்சிகளையெல்லாம் மூடிவிட்டால் நிம்மதி" என்று நம்மில் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விபத்து நடக்கிறது என்பதற்காக எல்லா ரயிலையும் நிறுத்திவிட்டால் அது பாதுகாப்பு ஆகாது. ரயில் ஓடவும் வேண்டும், மோதாமலும் இருக்க வேண்டும்.

ரயில்வே சொல்லும் இரண்டு விதிகள்

ஓடியும் மோதாமல் இருப்பது எப்படி? சிக்னல் பிரிவின் வேலையே அதுதான். இரண்டு விதிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு ரயிலை அனுப்பும் முன், ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்தாரிடம் "லைன் கிளியர்" கேட்பார். அவர் சும்மா "அனுப்பு" என்று சொன்னால் போதாது. தன்னிடம் உள்ள அச்சடித்த தாளிலிருந்து "பிரைவேட் நம்பர்" என்ற ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு முறை சொன்ன எண்ணை அந்தத் தாளில் அடித்துவிடுவார்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் யார், எப்போது, என்ன சொன்னார் என்பது எழுத்தில் இருக்கும். இது முதல் விதி: சொன்னவருக்குப் பொறுப்பு உண்டு, கேட்டவருக்கும் பொறுப்பு உண்டு.

இரண்டாவது விதி இன்னும் முக்கியமானது. அந்தக் காலத்துக் கைகாட்டி மரத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதை இயக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே "நில்" என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அதற்கென்றே எடைக்கட்டி வைத்திருப்பார்கள். இன்றைய மின்சார சிக்னலிலும் தண்டவாளச் சுற்றில் மின்னோட்டம் நின்றுபோனால் சிவப்புதான் விழும். விளக்கே எரியாவிட்டாலும், மங்கலாகத் தெரிந்தாலும், ஓட்டுநர் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் சிவப்பு. "ஒருவேளை பச்சையாக இருக்கலாம்" என்று நினைத்து வண்டியை விடும் உரிமை யாருக்கும் கிடையாது.

இந்த இரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் நடந்தவற்றைப் பார்ப்போம்.

1991: செய்தி குறைவாக இருந்த காலம்

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கர்நாடக அரசு அதை மறுத்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பரில் உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. அதையடுத்து மூண்ட கலவரத்தில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் போனார்கள்.

அப்போது நான் ஸ்ரீராமபுரத்தை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தேன். சிக்னல் இன்ஸ்பெக்டர் வேலை. தனியார் செய்தித் தொலைக்காட்சி என்பதே கிடையாது. வானொலி, தூர்தர்ஷன், மறுநாள் காலைப் பத்திரிகை, அவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் ஒரு செய்தி ஓடியது: "மெட்ராஸிலிருந்து வர்ற ரயிலை எல்லையிலேயே மறிச்சு எரிச்சுட்டாங்களாம்." அந்த வண்டியில் உறவினர் வரவேண்டிய வீடுகள் இரண்டு எங்கள் தெருவில் இருந்தன. பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். இரவுப் பணிக்குப் போனதும் கண்ட்ரோல் போனில் கேட்டேன். வண்டி பங்காருபேட்டையைத் தாண்டிவிட்டது, ஒரு கல் கூட விழவில்லை என்று பதில் வந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு உடனே சொல்லி அனுப்பினேன்.

காலையில் வீடு திரும்பியபோது என் வீட்டு உரிமையாளர், கன்னடக்காரர், வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு வேறொரு செய்தி வந்திருந்தது: ஓசூரில் கன்னடப் பள்ளி ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள் என்று. அவருடைய தங்கை அங்கே இருந்தார். "ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக் கேளுங்க சார்" என்றார். கேட்டேன். ஊர் அமைதியாக இருந்தது. எங்கள் தெருவில் ஓடிய வதந்தியும் அவர் வீட்டுக்கு வந்த வதந்தியும் கண்ணாடியில் முகம் பார்ப்பது போல ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. இரண்டையும் பொய் என்று காட்ட ஒரே தொலைபேசி போதுமாக இருந்தது. ஆனால் அந்தத் தொலைபேசி என் கையில்தான் இருந்தது. என் வார்த்தை ஒரு தெருவைத் தாண்டிப் போகவில்லை. அந்த வேலையை ஊர் முழுவதற்கும் செய்ய வேண்டியது செய்தித்துறை. வானொலியிலோ, அமைதி காக்கும்படி வேண்டுகோள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. எந்த ரயில் வந்தது, எந்தத் தெரு அமைதியாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

2000: ஒரு பத்திரிகையாளர் தூது போனார்

2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் காஜனூரிலிருந்து கடத்திச் சென்றபோது, 1991 திரும்பிவிடுமோ என்று நாமெல்லாம் நடுங்கினோம். 108 நாட்கள். இரு மாநில அரசுகளும் சேர்ந்து காட்டுக்குத் தூது அனுப்பியது யாரை? நக்கீரன் ஆசிரியர் கோபாலை. பின்னர் வேறு சிலரும் போனார்கள். நவம்பர் 15 அன்று ராஜ்குமார் விடுதலையானார். அந்தத் தூதைப் பற்றி விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் அந்த 108 நாட்களில் பெங்களூரில் 1991 போன்ற பேரழிவு நடக்கவில்லை. அடுத்து என்ன என்ற விவரம் வந்துகொண்டே இருந்ததும், இரு முதலமைச்சர்களும் ஒன்றாக நின்று பேசியதும் அதற்குக் காரணங்களில் அடங்கும் என்பது எனது தாழ்மையான கருத்து.

2012: செய்தியே துரத்திய மூன்று நாட்கள்

2012 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை பெங்களூர் சிட்டி நிலையத்தில் நான் கண்டதை என்றும் மறக்க முடியாது. அஸ்ஸாமில் அந்த ஜூலையில் கலவரம் நடந்திருந்தது. அதற்குப் பழிவாங்க இங்குள்ள வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று கைபேசிகளில் குறுஞ்செய்திகளும், எங்கோ எப்போதோ எடுத்த படங்களும் பரவின. காவலாளிகளாகவும் ஓட்டல் பணியாளர்களாகவும் இருந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி வண்டிக்குக் குவிந்தார்கள். ரயில்வே சிறப்பு வண்டிகள் விட்டது. நடைமேடையில் ஒரு பையனிடம், "யாரப்பா உன்னை அடித்தார்கள்?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "யாரும் அடிக்கவில்லை. மெசேஜ் வந்தது" என்றான்.

நிலையத்தில் இருந்த கூட்டத்தைத் தொலைக்காட்சிகள் காட்டக் காட்ட, அறையில் இருந்தவர்களும் பெட்டி கட்டினார்கள் என்றே எனக்குத் தோன்றியது. காட்டியது பொய்யில்லை, கூட்டம் உண்மைதான். ஆனால் "ஏன் போகிறார்கள், ஏதாவது நடந்ததா?" என்ற கேள்வி, படத்தைவிட மெல்லிய குரலில்தான் கேட்டது. அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு 15 நாட்கள் தடை விதித்தது. அதற்குள் வண்டிகள் புறப்பட்டுவிட்டன.

2016: செய்தி அதிகமாக இருந்த காலம்

2016 செப்டம்பர் 5 அன்று, விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தண்ணீர் விட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் அது 12,000 ஆகக் குறைக்கப்பட்டு, செப்டம்பர் 20 வரை நீட்டிக்கப்பட்டது. இடையில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞர் முகநூலில் எழுதியதற்காக அடிக்கப்பட்டார். அடித்ததைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அதைப் பார்த்து ஆத்திரப்பட்ட சிலர் சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் ஓட்டல் ஒன்றைத் தாக்கினார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவர் அடிபட்ட படமும் பரவியது. இந்தக் காட்சிகள் செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் திரும்பத் திரும்ப ஓடின. அன்று மாலைக்குள் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருடைய நிறுவனத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். 16 காவல் நிலையப் பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள். ஒரு படம் அங்கே போய், அங்கிருந்து ஒரு படம் இங்கே வந்து, ஒவ்வொரு முறையும் தீ பெரிதாகியது. தொலைக்காட்சிகள் நிதானம் காக்க வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டபோது தீ ஏற்கெனவே பிடித்திருந்தது.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். அன்று மாலை என் கைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு கடைத்தெரு எரிகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், பின்னால் கடைப்பலகை தெரிகிறது. "பெங்களூரில் தமிழர் கடைகள்" என்று கீழே எழுதியிருந்தது. பதற்றத்தில், மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் லைன் கிளியர் இல்லாமல் ஒரு வண்டியை விடாத துறையில் இருந்தவன், ஒரு நொடியில் இதை விட்டுவிட்டேன்.

பள்ளியில் கன்னடம் படித்த என் மகள் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இந்த போர்டு கன்னடமே இல்ல, தெலுங்கு. எழுத்துக்கு மேல டிக் மார்க் மாதிரி இருக்கு பாருங்க. இது நம்ம ஊரே இல்ல" என்றாள். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன், கன்னட எழுத்துக்கும் தெலுங்கு எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன்! உடனே அக்கா வீட்டுக்குப் பேசினேன். அக்கா மகன்தான் எடுத்தான். "மாமா, நான் அப்பவே நாலு குரூப்புக்குப் போட்டுட்டேனே" என்றான். அந்த நாலு எத்தனையாகப் பெருகியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பார்த்து யாராவது அங்கே ஒரு கர்நாடக வண்டியின் மீது கல்லெறிந்திருந்தால், அந்தக் கல்லில் என் கையும் இருந்திருக்கும்.

இது தமிழர், கன்னடர் என்ற சிக்கலில் மட்டும் வருவதல்ல. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியையும் அப்படியே கொன்றார்கள். மொழி வேறு, வதந்தி ஒன்றே. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது.

யார் பொய் சொல்கிறார்கள்?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பயப்படாதீர்கள்.

விநாடிக்கு 15,000 கன அடி என்றால், ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். பெருக்கினால் 129.6 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக ஒரு நாளுக்குச் சுமார் 1.3 டி.எம்.சி.; பத்து நாட்களுக்குச் சுமார் 13 டி.எம்.சி.

பேச்சிலும் சில நேரம் தலைப்பிலும் "விநாடிக்கு" என்ற சொல் விடுபட்டு, "15,000 கன அடி தண்ணீர்" என்றே வருகிறது. வெறும் 15,000 கன அடி என்றால் எவ்வளவு தெரியுமா? நாலேகால் லட்சம் லிட்டர். நம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் 42 லாரி. ஒரு சொல் விடுபட்டால் 13 டி.எம்.சி. 42 லாரியாகிவிடுகிறது. "இதைக்கூடத் தர மாட்டார்களா?" என்று ஒருவருக்குக் கோபம் வருவது இயற்கைதானே.

அடுத்தது, எந்தப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கிறோம் என்பது. கிருஷ்ணராஜ சாகரின் முழுக் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. மேட்டூரின் கொள்ளளவு 93.47. அதே 13 டி.எம்.சி. கிருஷ்ணராஜ சாகரில் கால் பங்குக்கு மேல். மேட்டூரில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. அணை நிறையாத ஆண்டில் மண்டியா விவசாயிக்கு அது பெரிய இழப்பு. சம்பா நாற்றுவிட்டுக் காத்திருக்கும் தஞ்சை விவசாயிக்கு அது போதாத தண்ணீர். கன்னடத் தொலைக்காட்சி முதலாமவரைக் காட்டியது. தமிழ்த் தொலைக்காட்சி இரண்டாமவரைக் காட்டியது. இரண்டு பேரும் மெய்யான மனிதர்கள். இரண்டு கண்ணீரும் மெய்.

2018 பிப்ரவரி 16 அன்று வந்த இறுதித் தீர்ப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய அளவு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனது. ஒரு கரையில் "14.75 குறைந்தது", மறு கரையில் "14.75 கூடியது". அந்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதாவது உங்கள் வீட்டுக் குழாய்க்கும் என் வீட்டுக் குழாய்க்கும். 1974-ல் தொடங்கி 2024-ல் ஐந்தாம் கட்டம் வரை, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரியைத்தான் நாம் குடிக்கிறோம். நம் அண்ணன் தம்பிகள் டெல்டாவில் அதே காவிரிக்குக் காத்திருக்கிறார்கள். இந்த வழக்கில் நாம் இரண்டு கரையிலும் நிற்கிறோம். ஒரு கரைச் செய்தியை மட்டும் கேட்கும் சௌகரியம் நமக்குக் கிடையாது.

ஆகவே அந்தக் குழந்தைக்கு என் பதில்: "அம்மா, பெரும்பாலான நேரம் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். மீதிப் பாதி எதிர் வீட்டில் இருக்கிறது."

ஏன் பாதி மட்டும் சொல்கிறார்கள்? தொலைக்காட்சிக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து; விளம்பரம் எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து. பார்ப்பவர் கோபத்திலோ பயத்திலோ இருந்தால் சானலை மாற்ற மாட்டார். இன்னொரு பக்கம், சமாதானம் படமாக எடுபடாது. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து "காவிரிக் குடும்பம்" என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். பஞ்ச காலத்தில் எப்படிப் பகிர்வது என்று பேசினார்கள். எரிந்த பேருந்து உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காவிரிக் குடும்பத்தைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

வீட்டில் செய்து பார்க்க

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டும். நம் குடும்பங்களுக்கு நான்கு பயிற்சிகள்.

1. எந்தச் செய்திக்கும் "பிரைவேட் நம்பர்" கேளுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி? இந்த மூன்றும் இல்லாவிட்டால் லைன் கிளியர் இல்லை. வண்டி உங்கள் நிலையத்திலேயே நிற்கட்டும்.

2. மாதம் ஒரு நாளாவது ஒரு தமிழ் நாளிதழையும் ஒரு கன்னட நாளிதழையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிள்ளைகள் கன்னடத்தைப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும்; பெரியவர்கள் தமிழைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரி எது என்று கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

3. எண் வந்தால் அலகைக் கேளுங்கள், பாத்திரத்தையும் கேளுங்கள். விநாடிக்கா, நாளுக்கா, ஆண்டுக்கா? எதில் எத்தனை பங்கு?

4. தவறாக அனுப்பிவிட்டால், யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். வெட்கப்பட வேண்டாம். வாசகர் சுட்டும் பிழைகளைக் கவனித்துத் திருத்தம் போடுவதற்கென்றே "தி இந்து" நாளிதழ் 2006-ல் ஒரு தனி ஆசிரியரை நியமித்தது. பத்திரிகையில் பிழை கண்டால் நாமும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். புகழ்ந்து எழுதும் நாம் திருத்தி எழுதுவதில்லை. பொதுஜன அபிப்பிராயம் என்பது எங்கோ டெல்லியில் தயாராவதல்ல. நம் கைபேசியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வரியும் அதில் சேர்கிறது.

அடுத்த மாத வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒரே தேதியிட்ட ஒரு தமிழ்ப் பத்திரிகையையும் ஒரு கன்னடப் பத்திரிகையையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவி, எதிர் வீட்டுத் தோழியையும் அழைத்து வரலாமா என்று கேட்டாள். தாராளமாக வரட்டும் என்றேன். கன்னடப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க நானும் இப்போது பழகிவருகிறேன். பிழை விட்டால் அந்தப் பெண் திருத்துவாள்.